காரணம்: எண் 2

ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் கம்பெனிகள் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுப் பணத்தைக் கட்டியாக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு எக்செல் பட்டியலை ஏற்ற வேண்டும். தொழிலாளியின் இஎஸ்ஐ எண், பெயர், எத்தனை நாள் வேலை, எவ்வளவு சம்பளம். அந்த மாதம் ஒருவர் ஒரு நாள்கூட வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று சொல்ல ஒரு கட்டம் உண்டு. அதில் ஒன்றும் எழுத வேண்டாம், எண் போட்டால் போதும். 1 என்றால் லீவு. 2 என்றால் வேலையை விட்டுப் போய்விட்டார். 3 என்றால் ஓய்வு. 5 என்றால் இறந்துவிட்டார். 10 என்றால் ஆட்குறைப்பு. 11 என்றால் வேலை இல்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் அந்தக் கட்டத்தை நிரப்பியவள் நான். 10 என்ற எண்ணை 2023 வரை ஒரு தடவைகூடப் போட்டதில்லை. யார் போனாலும் 2 தான். கல்யாணமாகிப் போனவருக்கும் 2, ஊருக்குப் போய்த் திரும்பாத ஒடிசாப் பையனுக்கும் 2, "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லி அனுப்பப்பட்டவருக்கும் 2. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். அந்த எண்ணுக்குப் பின்னால் பணம் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது.

இதை எழுதுவதற்கு முன் என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வேலை இல்லாதவருக்கு அரசாங்கம் என்ன செய்யும் என்ற கேள்வி என் வீட்டில் ரொம்ப நாளாக இருந்த ஒன்று.

எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். 1999-இல் நான் பிளஸ் டூ முடித்தபோது காங்கேயம் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. மார்க் ஷீட் வந்த அடுத்த திங்கட்கிழமை அப்பா எண்ணெய் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு என்னை ஈரோட்டுக்குக் கூட்டிப்போனார். காலை முதல் பஸ். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் வாசலில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே வரிசை ரோட்டுக்கு வந்துவிட்டது. கோபி, பவானி, தாராபுரம் என்று எல்லாத் திசையிலிருந்தும் அப்பாக்களும் பிள்ளைகளும். அப்பா வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்கிற வேட்டி அது.

மத்தியானம் அட்டை கைக்கு வந்தது. அப்பா அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அம்மிணி, இனி நம்ம பேரும் லைன்ல நிக்குது" என்றார். பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். தனக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் காலத்தில் அது நிஜமாகவே ஒரு வரிசைதான். 1959-இல் வந்த சட்டப்படி காலிப் பணியிடங்களை நிறுவனங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. அலுவலகம் பதிவு மூப்புப்படி பெயர்களை அனுப்பும். எங்கள் தெருவிலேயே ஒருவர் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, வருடக்கணக்கில் சீனியாரிட்டிக்குக் காத்திருந்து, அப்படியே வாத்தியாராகப் போனார். அவரைக் காட்டித்தான் ஊரில் எல்லாரும் பிள்ளைகளைப் பதியச் சொன்னார்கள். ஆனால் அந்த வரிசை உள்ளுக்குள் கரையத் தொடங்கியிருந்தது எங்களுக்குத் தெரியாது. அலுவலகம் அனுப்பும் பெயர்களோடு நிற்காமல் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்து எல்லாரையும் அழைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. 2012-இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 மாதிரித் தேர்வுகளில் பதிவு மூப்புக்கு இடமே இல்லை.

பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அப்பா வருடா வருடம் புதுக் காலண்டர் மாட்டியதும் முதல் வேலையாக அந்த மாதத்தைத் தேடிப்பார்ப்பார். ரினீவல் வருடமாக இருந்தால் சிவப்பு மையில் "அம்மிணி பதிவு" என்று எழுதிவைப்பார். 2002, 2005, 2008. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமானது, காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டை விட்டு இங்கே வந்தன. என் பதிவு என்ன ஆகுமோ என்று அப்பா கலங்கிப்போனார். நான் அதற்குள் கல்யாணமாகித் திருப்பூர் வந்துவிட்டேன். 2011 ரினீவலை நான்தான் மறந்தேன். அப்பா அந்த வருடம் படுக்கையில் இருந்தார். காலண்டரில் எழுத ஆளில்லை.

பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு நேர்முகக் கடிதம் வந்தது. போனேன், கிடைக்கவில்லை. அதற்காக அந்த அலுவலகத்தை நான் குறை சொல்லமாட்டேன். தமிழ்நாடு முழுக்கப் பல வருடங்களாக 60 லட்சத்துக்கு மேல் பெயர்கள் பதிவில் இருந்திருக்கின்றன. அத்தனை பேருக்கும் கொடுக்க அங்கே வேலை எங்கே இருக்கிறது?

எனக்குள்ள வருத்தம் வேறு. பதிவு செய்து ஐந்து வருடம் முடிந்தும் வேலை கிடைக்காதவருக்கு மாநில அரசு மாதாமாதம் ஓர் உதவித்தொகை தருகிறது. பத்தாம் வகுப்பில் தோற்றவருக்கு 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று வருடம் வரைக்கும், காலாண்டுக்கு ஒரு தடவை வங்கிக் கணக்கில் போடுவார்கள். இன்றைய கணக்கு இது. என் காலத்தில் இன்னும் குறைவு. இன்ஜினியரிங், மருத்துவம் மாதிரித் தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது. வயது 40-க்குள் இருக்க வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45. குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது, தபால் வழியில் படிக்கலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிக் கணக்கு. பதிவு செய்து ஒரு வருடம் ஆகியிருந்தால் போதும், வருமான உச்சவரம்பு இல்லை. பத்தாவது வரைக்கும் 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000, பத்து வருடம் வரை. இதை இந்த ஊரில் எத்தனை வீடுகளுக்குத் தெரியும் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

எனக்கு 2004-லேயே ஐந்து வருடம் முடிந்தது. அப்போது வேலை இல்லை. வீட்டில் இருந்து தேங்காய்ப் பருப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் பாரம் வாங்கிவந்து கொடுத்தார். வருவாய் ஆய்வாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார். அப்பா பாரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அரசாங்கத்துகிட்டக் கையேந்தற நெலமைக்கு நாம வரலீங்" என்றார். அதே அப்பாதான் பதிவுக்காக வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நாலு மணிநேரம் வெயிலில் நின்றவர். வேலைக்கு நிற்பது கௌரவம், வேலை இல்லை என்று சொல்லிப் பணம் வாங்குவது கேவலம். இந்தக் கணக்கு எங்கள் அப்பாவோடு போய்விடவில்லை. கொங்கு நாட்டில் பத்து வீட்டில் எட்டு வீட்டில் இன்றைக்கும் இப்படித்தான். "சும்மா இருக்கறான்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் வேலை போனதையே மாமனார் வீட்டுக்குச் சொல்லாதவர்களை எனக்குத் தெரியும். தினமும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பி, சாயங்காலம் வரை எங்கேயோ உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்கள்.

அந்த 72,000 ரூபாய் வரம்பையும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு 6,000 ரூபாய். திருப்பூரில் வீட்டில் ஒரே ஒருவர் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போனால்கூட அதைத் தாண்டிவிடும். அப்படியானால் இங்கே வேலை போனவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. இந்த வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும் தகுதி உள்ளவர்கள் விடக்கூடாது. தொகையை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆகாது. சீனியாரிட்டி அப்படியே இருக்கும்.

சரி, 2023-க்கு வருகிறேன்.

அதற்கு முந்தைய வருடம் நூல் விலை ஏறி ஊரே தவித்தது. 2022 மே மாதம் இரண்டு நாள் கடையடைப்பு மாதிரிக் கம்பெனிகளை மூடினார்கள். அப்புறம் வெளிநாட்டு ஆர்டர் குறைந்தது. எங்களுடையது ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட். பொங்கல் லீவு முடிந்து எல்லாரும் வந்த வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, செக்கிங், பேக்கிங்கில் பதினாலு பேரை நிறுத்த வேண்டும், ராஜினாமாக் கடிதம் ஒன்று அடித்துக் கொடு என்றார். அடித்தேன். "எனது சொந்தக் காரணங்களால் இன்று முதல் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். எனக்குச் சேர வேண்டிய தொகை அனைத்தும் பெற்றுக்கொண்டேன்." பதினாலு பிரதி. சனிக்கிழமை சம்பளக் கவரோடு சேர்த்து நீட்டினேன். ஒருவரும் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டால்தான் கவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே கையில் இருந்தன.

அவர்களில் ஒருவர் செக்கிங் அக்கா. ஒன்பது வருடம் எங்களிடம் இருந்தவர். போகும்போது, "ஆர்டர் வந்தாக் கூப்புடு அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனார். பிப்ரவரிப் பட்டியலில் பதினாலு பேருக்கும் 2 போட்டேன்.

மார்ச் மாதம் அக்கா போன் செய்தார். பையனுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், டெங்குவோ என்று பயம். தனியாரில் ரத்தப் பரிசோதனைக்கே காசில்லை. "வேலதான் போயிருச்சே, இஎஸ்ஐ கார்டு செல்லாதுல்ல?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பத்து வருடத்துக்கு மேல் பணம் பிடித்துக் கட்டியவள், பிடித்த பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்று மத்தியானம் லீவு சொல்லிவிட்டு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த அலுவலர் பொறுமையாகச் சொன்னார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஓர் அரையாண்டில் 78 நாள் சந்தா இருந்தால் போதும். அக்கா அக்டோபரிலிருந்து ஜனவரி பாதி வரை வந்த நாளை எண்ணினோம், 78-ஐத் தாண்டியிருந்தது. அப்படியானால் 2023 டிசம்பர் வரை அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. வாசலில் நின்றே போன் செய்து சொன்னேன். பையனை அன்றைக்கே டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார்கள். சாதாரணக் காய்ச்சல்தான், சரியாகிவிட்டது.

நான் கிளம்பும்போது அந்த அலுவலர் கேட்டார்: "வேலை போய் ஒரு மாசம் ஆயிருச்சுன்னா அடல் திட்டத்துல பணம் கேட்டாங்களா?"

எந்தத் திட்டம் என்று கேட்டேன். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலை முதல் இருக்கிறது. இஎஸ்ஐயில் இருக்கும் தொழிலாளிக்கு வேலை போனால், வாழ்நாளில் ஒரு முறை, அதிகபட்சம் 90 நாளுக்கு, சராசரி தினக்கூலியில் ஒரு பங்கை ரொக்கமாகத் தருவார்கள். முதலில் கால் பங்காக இருந்தது. 2020 கொரோனா காலத்தில் அரைப் பங்காக்கினார்கள், நாங்கள் கேட்டபோதும் அரைப் பங்குதான். குறைந்தது இரண்டு வருடம் இஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும், வேலை போவதற்கு முந்தைய அரையாண்டில் 78 நாள் சந்தா இருக்க வேண்டும், அதற்கும் முந்தைய அரையாண்டுகளில் ஒன்றிலாவது அதே மாதிரி. வேலை போய் 30 நாள் கழித்து ஆன்லைனில் பதிந்து, தாளைக் கிளை அலுவலகத்தில் தொழிலாளியே நேராகக் கொடுக்கலாம். கம்பெனி வழியாகப் போக வேண்டும் என்பதில்லை. நிறுவனம் மூடப்பட்டோ, ஆட்குறைப்பிலோ வேலை இழந்தவர்களுக்கு 2005-லேயே இஎஸ்ஐயில் இன்னொரு திட்டமும் வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இஎஸ்ஐ முதலில் தொடங்கியதே எங்கள் பக்கம்தான், கோயம்புத்தூரில், 1955 ஜனவரி 23-இல். மில் ஊர் என்பதால் அங்கே ஆரம்பித்தார்கள். அறுபத்தெட்டு வருடம் கழித்து, அதே கொங்கு நாட்டில், அந்தப் பட்டியலை மாதாமாதம் ஏற்றுகிற எனக்கே இந்தப் பெயர் புதிது.

அப்புறம்தான் அவர் அந்த விஷயத்தைச் சொன்னார். தவறு செய்து நீக்கப்பட்டவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும், தானாக வேலையை விட்டுப் போனவருக்கும் இந்தத் தொகை இல்லை. கணினியில் அக்காவின் எண்ணைத் தட்டிப் பார்த்தார். "கம்பெனியில ரெண்டுன்னு போட்டிருக்காங்களே. தானா விட்டுட்டாங்களா?"

அந்த 2-ஐப் போட்டவள் நான்தான் என்று அவரிடமே சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது.

வீட்டுக்கு வந்து ராத்திரி கணக்குப் போட்டேன். அக்காவுக்கு நாளைக்கு 420 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 10,920. அதில் அவரிடமிருந்து இஎஸ்ஐக்குப் பிடித்தது முக்கால் சதவீதம், 82 ரூபாய். கம்பெனி போட்டது மூன்றேகால் சதவீதம், 355 ரூபாய். அடல் திட்டத்தில் நாளுக்கு 210 வீதம் 90 நாளுக்கு 18,900 ரூபாய். ஒரு பிளஸ் டூ படித்தவர் மாநில உதவித்தொகையை மூன்று வருடம் முழுக்க வாங்கினாலும் 14,400 தான் வரும். அன்று நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அந்த மாதச் சம்பளம், அதோடு முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். ஒன்பது வருடத்துக்கு 56,700. எல்லாம் சேர்த்து 86,520 ரூபாய். நான் அடித்த இரண்டு வரியின் விலை அது. பணிக்கொடை இதில் சேராது. ஐந்து வருடம் முடித்தவர் ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு, அது இன்னொரு 56,700.

அடுத்த நாள் முதலாளியிடம் போனேன். அவரைக் கெட்டவர் என்று நான் எழுதமாட்டேன். பெரிய கம்பெனியிலிருந்து அவருக்கு வரவேண்டிய பில் மூன்று மாதம் நாலு மாதம் நிற்கும். சனிக்கிழமை சம்பளத்துக்கு நகையை அடகு வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். "ஏம்மா, ஆட்குறைப்புன்னு எழுதிக் குடுத்தா நஷ்டஈடும் கேப்பாங்களே?" என்றார்.

"கேக்கலாமுங்க. அது அவங்க உரிமைதானுங்க" என்றேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

இரண்டு நாள் கழித்துப் பதினாலு ராஜினாமாக் கடிதங்களையும் எடுத்து வரச்சொல்லி அவரே கிழித்துப் போட்டார். ஆர்டர் இல்லாததால் ஆளைக் குறைத்தோம் என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினாலு பேரும் பயனடைந்தார்கள் என்று எழுத ஆசைதான். எட்டுப் பேர் ஒரு மாதத்துக்குள்ளேயே வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார்கள். திருப்பூர் அப்படி, கை தெரிந்தவரைச் சும்மா இருக்க விடாது. இரண்டு பேருக்கு இரண்டு வருடம் நிறையவில்லை. ஒருவர் தேனிப் பக்கம் ஊருக்குப் போய்விட்டார், நம்பர் மாறிவிட்டது. மீதி மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவருக்கு ஆதாரில் ஒரு பிறந்த தேதி, இஎஸ்ஐயில் வேறு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி. அதைத் திருத்துவதற்குள் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது, அலைச்சல் வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஒருவருக்கு 60 நாளுக்கு வந்தது. அக்காவுக்கு 90 நாளுக்கும் வந்தது, 18,900. பணிக்கொடையை முதலாளி நாலு தவணையில் கொடுத்தார். ஆட்குறைப்பு நஷ்டஈடு கொடுக்கவில்லை. அக்கா கேட்கவும் இல்லை. "ஆர்டர் வந்தா அங்கதானே போகோணும்" என்றார். கேட்டே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்தியிருக்கலாமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பிஎஃப் விஷயமும் ஒன்று. வேலை போனதும் எல்லாரும் முதலில் நினைப்பது அதைத்தான், ஏனென்றால் அது கையிலிருந்து பிடித்த பணம் என்று தெரியும். அப்போதிருந்த விதிப்படி ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்தால் முக்கால் பங்கு, இரண்டு மாதம் ஆனால் மீதியும் எடுக்கலாம். அக்காவும் மொத்தத்தையும் எடுத்துவிடுகிறேன் என்றார். பிஎஃப்பை எடுங்கள், ஆனால் பென்ஷன் கணக்கைத் தொடாதீர்கள் என்று தடுத்தேன். கம்பெனி கட்டும் பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது. பத்து வருடம் ஆனால்தான் மாத பென்ஷன். அவருக்கு ஒன்பது வருடம் இரண்டு மாதம். யுஏஎன் என்ற அதே பிஎஃப் எண்ணை அடுத்த கம்பெனியில் கொடுத்தால் கணக்கு தொடரும். புது எண் போட்டால் முதலிலிருந்து. இதைச் சொல்ல ஆளில்லாமல் எட்டு வருடம், ஒன்பது வருடப் பென்ஷனை மொத்தமாக எடுத்துத் தீர்த்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். இன்னொன்று, வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதியாமல் இழுத்தடித்தால் இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே ஆன்லைனில் பதிந்துகொள்ளலாம்.

கிராமத்திலும் இதே கதைதான். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேலை கேட்டு 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அப்புறம் அரைப் பங்கு என்று எழுதிவைத்திருந்தார்கள். என் அம்மா பல வருடம் அந்த வேலைக்குப் போனார். எங்கள் ஊரில் அந்த வேலையில்லாப் படியை யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று சொன்னவரும் இல்லை.

எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் இப்போது வேறு மாதிரி இருக்கிறது. போன வருடம் என் நாத்தனார் மகனைக் கூட்டிக்கொண்டு பல்லடம் ரோட்டுக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குப் போனேன். பதிவும் புதுப்பிப்பும் ஆன்லைனில் முடிந்துவிடுகின்றன, வரிசை இல்லை. வெள்ளிக்கிழமைகளில் தனியார் கம்பெனிகளை வரவழைத்து முகாம் நடத்துகிறார்கள். தன்னார்வப் பயிலும் வட்டம் என்று போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. பையன் குரூப் 4-க்கு அங்கேதான் படிக்கிறான். பயிற்சிக்கென்று ஆயிரக்கணக்கில் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் அந்த அறையில் தரையில் உட்கார்ந்து பழைய வினாத்தாளைப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, அப்பாவின் வெள்ளை வேட்டி ஞாபகம் வந்தது.

கம்பெனி வேலையை நான் விட்டுவிட்டேன். மனக்கசப்பு ஒன்றுமில்லை. இப்போது வீட்டிலிருந்தே சில சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். வேலையில் சேரும்போதே பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு மூன்றையும் ஆதாரோடு சரிபார்த்துத்தான் பதிகிறேன். அந்தக் கட்டத்தில் எண் போடுவதற்கு முன்னால் போனவரிடம் நானே ஒரு தடவை போனில் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் வருவார்கள், அக்கா சொல்லி அனுப்பியவர்கள். பிஎஃப் பெயர்த் திருத்தம், இஎஸ்ஐ கார்டு, ஏதாவது ஒன்று. காசு வாங்குவதில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஏழரை மணிக்குப் பழக்கமில்லாத நம்பரிலிருந்து போன். அவிநாசிப் பக்கம் ஒரு யூனிட்டில் பேக்கிங்கில் இருக்கும் பையன். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"அக்கா, ஒரு பேப்பரைக் குடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. செக்கிங் அக்காதான் உங்க நம்பரைக் குடுத்தாங்க. போடட்டுங்களா?"

"என்ன எழுதியிருக்கு, படி சாமி" என்றேன்.

எழுத்துக் கூட்டிப் படித்தான். "எனது சொந்தக் காரணங்களால்..."

அந்த வரி அப்படியே இருந்தது. நான் அடித்ததேதான், ஓர் எழுத்து மாறவில்லை. எந்தெந்தக் கம்பெனிக் கம்ப்யூட்டருக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறதோ.

"உனக்கு வேலையை விடறதுக்குச் சொந்தக் காரணம் ஏதாவது இருக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க்கா. ஆர்டர் இல்லைன்னு அவங்கதான் போகச் சொல்றாங்க."

"அப்ப அதை அவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும்னு மரியாதையாச் சொல்லு. சண்டை போடாத. இந்தப் பேப்பரை மட்டும் போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டுத் திருப்பிக் குடுத்துரு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. மெஷின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம், "சரிங்க்கா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். சம்பளக் கவரைத் திங்கட்கிழமை வா என்று சொல்லிவிட்டார்களாம். கையெழுத்துப் போடவில்லை. இஎஸ்ஐயில் இரண்டு வருடம் நாலு மாதம் இருந்திருக்கிறான். அவன் அம்மா மஞ்சள் பையிலிருந்து ஆதார், பேங்க் புத்தகம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துத் திண்ணையில் பரப்பினார். "இதெல்லாம் வாங்கறது தப்பு ஒண்ணுமில்லீங்களே அம்மிணி?" என்று மெதுவாகக் கேட்டார்.

சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று இருந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். பிறந்த தேதியிலிருந்து பார்க்க ஆரம்பித்தோம்.